தொழிற்கல்விப் பாடம் எடுத்தால் கல்லூரிக்குப் போக முடியாதா?

தாராளமாகப் போகலாம். தொழிற்கல்வியை எடுப்பதால் சிக்கல் வருவதில்லை. அதற்காக எந்தப் பாடத்தை விடுகிறோம் என்பதில்தான் வருகிறது.

கணிதம், அறிவியல், மொழி, வரலாறு எல்லாம் மேற்படிப்புக்கான அடித்தளம். தச்சு, வெல்டிங், மின்வேலை, கணக்குப் பதிவு போன்றவை நேரடியாக வேலைக்குத் தயார்செய்பவை. ஆனால் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இந்தக் கோடு அழிந்துவிடும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் இணைக்கும் ஓமின் விதி புரியாமல் ஒரு கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று சொல்ல முடியாது. கூரையின் சரிவு நீளத்தைக் கணக்கிடும் தச்சர் போடுவது பிதாகரஸ் கணக்கு. சொல்லப்போனால், பலருக்குக் கணிதம் பிடிபடுவதே அங்கேதான்.

இந்தப் பிரிவினைக்கு நிர்வாகமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்குத் தனி நிதி கொடுத்தது. நல்ல காரியம்தான், ஆனால் பள்ளிக்குள்ளேயே அது தனி உலகமாகிவிட்டது. தொழிற்கல்விக்கு நிதி தரும் இன்னொரு சட்டமான பெர்க்கின்ஸ் சட்டம் 1990-இல் திருத்தப்பட்டபோது, பொதுப் பாடங்களையும் தொழிற்பாடங்களையும் இணைக்கச் சொன்னது. ஜெர்மனியில் பயிற்சி மாணவர்கள் வாரத்தில் சில நாள் நிறுவனத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் குறிவைக்கும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று முதலில் பாருங்கள். அவற்றை, குறிப்பாகக் கணிதத்தை, விடாமல் வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பட்டறைக்குப் போங்கள்.