கமாண்டரில் இன டெக்குகள்: கேள்வி பதில்

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் கமாண்டர் வகையில், ஒரே இன உயிரினங்களை வைத்து அமைக்கும் டெக்குகளை, அதாவது சீட்டுக்கட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். பெரும்பாலும் நால்வர் ஆடுவது, ஒவ்வொருவருக்கும் 40 உயிர்ப்புள்ளிகள், டெக்குக்குத் தலைமை தாங்கும் கமாண்டர் சீட்டையும் சேர்த்து 100 சீட்டுகள், மானா (சீட்டுகளைப் போடச் செலவிடும் ஆற்றல்) தரும் அடிப்படை லேண்டுகளைத் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது ஆகிய விதிகள் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: கிரெங்கோ, மாப் பாஸ் தலைமையில் கோப்ளின் டெக் ஆடுகிறேன். களம் நிறைந்ததும் யாராவது ஒருவர் போர்டு வைப் (களத்தில் உள்ள உயிரினங்களை மொத்தமாக அழிக்கும் சீட்டு) போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார். எப்படித் தப்பிப்பது?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். நான்காவது சுற்றில் நான்கு மானாவுக்கு இறக்கிய கிரெங்கோவை அடுத்த சுற்றிலிருந்து டேப் செய்தால் (பயன்படுத்தியதன் அடையாளமாகச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பினால்), உங்களிடம் எத்தனை கோப்ளின்கள் உள்ளனவோ அத்தனை கோப்ளின் டோக்கன்கள் (டெக்கில் இல்லாமல் களத்திலேயே உருவாகும் உயிரினங்கள்) வரும். துணைக்கு வேறு கோப்ளின் இல்லாவிட்டாலும் 2, 4, 8 என்று பெருகி, எட்டாவது சுற்றில் 16 ஆகிவிடும். இதை எதிரிகள் மூவரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிளாஸ்ஃபெமஸ் ஆக்ட் என்ற சீட்டு ஒவ்வோர் உயிரினத்துக்கும் 13 சேதம் தரக்கூடியது. அதன் விலை ஒன்பது மானா என்றாலும், களத்தில் உள்ள உயிரினம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா குறைவதால், எட்டு உயிரினங்கள் நின்றாலே ஒற்றைச் சிவப்பு மானாவுக்கு அதைப் போட்டுவிடலாம். அதாவது, உங்கள் கோப்ளின்களை அழிக்கும் செலவை உங்கள் கோப்ளின்களே கட்டுகின்றன.

ஆகவே, பெருக்கத்தைத் தாக்குதலுக்காகச் சேர்த்து வைக்காமல், வரும்போதே பயன்தரும்படி செய்ய வேண்டும். இம்பாக்ட் ட்ரெமர்ஸ் என்ற இரண்டு மானாச் சீட்டு களத்தில் இருந்தால், உங்களிடம் உயிரினம் ஒன்று வரும்போதெல்லாம் எதிரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சேதம். மேற்சொன்ன நான்கு சுற்றுகளில் வரும் 15 டோக்கன்களும், ஒருமுறைகூடத் தாக்காமலேயே, மூவருக்கும் சேர்த்து 45 புள்ளிகளைக் குறைத்துவிடும். பிறகு போர்டு வைப் வந்தாலும் அந்தச் சேதம் திரும்பப் போவதில்லை. இம்பாக்ட் ட்ரெமர்ஸ் உயிரினம் அல்லாததால் அதுவும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கிரெங்கோ களத்தில் நிற்கையில் கையில் இருக்கும் மற்றக் கோப்ளின்களை இறக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். அவர் இறந்து, கமாண்டருக்கென உள்ள தனி இடமான கமாண்ட் ஸோனுக்குத் திரும்பினால் அடுத்த முறை ஆறு மானா ஆகும். அந்த இடைவெளியை நிரப்பக் கையில் நாலைந்து சீட்டு இருந்தாக வேண்டும்.

கேள்வி: என் எல்ஃப் டெக்கின் கமாண்டரான லாத்ரிலின் திறனுக்காகப் பத்து எல்ஃப்களை டேப் செய்யும்போது, அந்தச் சுற்றில் வந்த எல்ஃப்களையும் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். புதிதாக வந்த உயிரினத்துக்கு உள்ள தடை, தாக்குவதற்கும் டேப் குறி இடப்பட்ட அதன் சொந்தத் திறனுக்குமே பொருந்தும். இங்கே அந்தக் குறி லாத்ரிலுக்கு மட்டுமே உரியது என்பதால், லாத்ரில்தான் சுற்றின் தொடக்கத்திலிருந்தே உங்களிடம் இருந்திருக்க வேண்டும். பலர் தவறுவது வேறோர் இடத்தில்: லாத்ரிலைத் தாக்க அனுப்பினால் அவர் டேப் ஆகிவிடுவதால், அந்தச் சுற்றில் இத்திறனைப் பயன்படுத்த முடியாது, மானாவுக்காக டேப் செய்த லானோவார் எல்ஃப்ஸும் பத்தில் ஒன்றாக வராது. தொடக்கத்தில் தாக்கி எல்ஃப் டோக்கன்களைச் சேர்ப்பதும், பத்து சேர்ந்தபின் லாத்ரிலைப் பின்னால் நிறுத்தி, எதிரிகள் ஒவ்வொருவரிடமும் சுற்றுக்குப் பத்துப் புள்ளி பறிப்பதும் என் வழக்கம். அந்தக் கட்டத்தில் என் களத்தை அழிவிலிருந்து காக்கும் ஹெராய்க் இன்டர்வென்ஷன் சீட்டுக்கான இரண்டு மானாவை நான் வேறெதற்கும் ஒருபோதும் செலவிடுவதில்லை.

கேள்வி: கோட் ஆஃப் ஆர்ம்ஸ் சேர்க்கலாமா?

பதில்: எதிரில் யாரும் இன டெக்கோ டோக்கன் டெக்கோ ஆடவில்லை என்றால் சேர்க்கலாம். களத்தில் தன் இனத்தைச் சேர்ந்த வேறு உயிரினம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரினத்துக்கு ஒரு புள்ளி பலம் கூட்டும் அச்சீட்டு, உங்களுடையவை, எதிரியுடையவை என்று பார்ப்பதில்லை. ஒருமுறை என் எல்ஃப்களை நம்பி அதை இறக்கினேன். பக்கத்தில் இருந்தவரின் பதினொரு ஸோம்பி டோக்கன்கள் ஒவ்வொன்றும் பத்துப் புள்ளி கூடுதல் பலத்துடன் என்னைத்தான் முதலில் தாக்கின. ஐந்து மானா செலவழித்து நானே அவருக்கு ஆயுதம் கொடுத்திருந்தேன். அதே விலையில் கிடைக்கும் வான்க்விஷர்ஸ் பேனர் உங்கள் இனத்துக்கு மட்டும் பலம் கூட்டுவதோடு, அந்த இன உயிரினத்தைப் போடும்போதெல்லாம் ஒரு சீட்டும் எடுத்துத் தருகிறது.

கேள்வி: என் டிராகன் டெக்கின் கமாண்டரான தி உர்-டிராகனுக்கு ஒன்பது மானா ஆகிறது. பாதி ஆட்டங்களில் அதை இறக்கவே முடியவில்லை. கமாண்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். கமாண்ட் ஸோனில் இருந்தபடியே அது மற்ற டிராகன்களின் விலையில் ஒரு மானாவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. யாராலும் எளிதில் நீக்க முடியாத அந்தச் சலுகைக்காகவே 2017 முதல் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் சிக்கல் ஐந்தாவது சுற்றுவரை களம் வெறுமையாகக் கிடப்பதாக இருக்கலாம். டிராகன்களை இருபத்தைந்துக்குள் நிறுத்திக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று மானாவில் லேண்ட் தேடித்தரும் பச்சைச் சீட்டுகள் பத்தையாவது சேருங்கள். ஐந்து நிறங்களும் தேவைப்படுவதால் லேண்டுகளை 37-க்குக் கீழே குறைக்காதீர்கள்.

கேள்வி: தங்கள் இனத்தவை அனைத்துக்கும் திறன் தரும் உயிரினங்களான ஸ்லிவர்களில், பழையவை எதிரிக்கும் உதவுமா?

பதில்: எதிரியும் ஸ்லிவர் ஆடினால் உதவும். 1997-இல் டெம்பெஸ்ட் தொகுப்பில் வந்தவை களத்தில் உள்ள எல்லா ஸ்லிவர்களுக்கும் திறன் தருகின்றன. 2013-இல் வெளிவந்த மேஜிக் 2014 தொகுப்பின் ஸ்லிவர்களோ உங்களுடையவற்றுக்கு மட்டுமே தருகின்றன. சேஞ்ச்லிங் உயிரினங்கள் எல்லா இனங்களையும் சேர்ந்தவை என்பதால், எதிரியிடம் ஒரு சேஞ்ச்லிங் இருந்தால் அதுவும் பழைய ஸ்லிவர்களின் திறனைப் பெற்றுவிடும்.