ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் எதை வைப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் ஒரு கோயிலின் அர்ச்சனை முன்பதிவுத் தளத்தைப் பராமரிக்கிறேன். கோல்ட்ஃபியூஷன் என்னும் வலைத்தள நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் காம்போனென்டுகள் (தரவையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துவைத்த நிரல் அலகுகள்) அனைத்தும், தளம் முழுவதற்கும் பொதுவான அப்ளிகேஷன் ஸ்கோப்பில் இருந்தன. தைப்பூச வாரத்தில் ஒரு பக்தரின் ரசீதில் வேறொருவரின் பெயர் வந்தது. உலாவி பக்கம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியான ரிக்வெஸ்ட் ஸ்கோப்புக்கு மாற்றியதும் சிக்கல் நின்றது. இனி எல்லாவற்றையும் அங்கேயே வைக்கலாமா?

வாசகி, பாயான் லெப்பாஸ்

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். சிக்கல் நின்றிருக்கிறதே தவிர அதன் காரணம் நீங்கவில்லை. அப்ளிகேஷன் ஸ்கோப்பில் உள்ள ஒரே இன்ஸ்டன்ஸை (காம்போனென்டிலிருந்து உருவாக்கிய பொருளை) எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. அதன் ஃபங்ஷன் ஒன்றில், மாறியை அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் உரியதாக்கும் ‘வார்’ என்ற சொல்லை இடாமல் ஒரு மாறிக்கு மதிப்பளித்தால், அம்மதிப்பு ஃபங்ஷனோடு முடிந்துபோகாமல் காம்போனென்டின் வேரியபிள்ஸ் ஸ்கோப்பில், அதாவது அதன் எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொதுவான இடத்தில், தங்கிவிடுகிறது. முதலாமவரின் ரசீது உருவாவதற்குள் இரண்டாமவரின் பெயர் அதன்மேல் எழுதப்பட்டது இப்படித்தான் இருக்கவேண்டும். கூட்டமில்லாத நாளில் வெளியே தெரியாத பிழை; தைப்பூசம் காட்டிக்கொடுத்திருக்கிறது. ரிக்வெஸ்ட் ஸ்கோப்பிலும் இது முழுதாக அடங்காது, ஏனெனில் ஒரே கோரிக்கைக்குள் ஒரு ஃபங்ஷனின் சுழற்சி எண்ணை அதே காம்போனென்டின் இன்னொரு ஃபங்ஷன் மாற்றிவிடலாம். ஆகவே முதலில் ‘வார்’ விடுபட்ட இடங்களைத் தேடுங்கள். 2009இல் வந்த கோல்ட்ஃபியூஷன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து, ‘வார்’ இடுவதற்குப் பதில் ‘லோக்கல்’ என்று வெளிப்படையாகவே எழுதலாம்.

ரிக்வெஸ்ட் ஸ்கோப் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாகத் தோன்றி அதனுடனேயே மறைவது. இன்க்ளூட் செய்த பக்கங்கள், நாமே எழுதிய கஸ்டம் டேக்குகள், காம்போனென்டுகள் யாவும் அதைக் காணும். அக்கோரிக்கைக்கே உரிய நிலையை (தரவை)த் தாங்கும் பக்தர், அவர் தேர்ந்தெடுத்த அர்ச்சனைகள் போன்ற இன்ஸ்டன்ஸ்களுக்கு அதுவே இடம். கோரிக்கை தொடங்கும்போது ஓடும் ஆன்ரிக்வெஸ்ட்ஸ்டார்ட்டில் ஒருமுறை உருவாக்கினால் போதும், சிஎஃப்த்ரெட் கொண்டு ஒரே நேரத்தில் ஓடும் கிளைகளாகப் பிரிக்காதவரை, ஒன்றன்பின் ஒன்றாக அணுகவைக்கும் லாக்கும் வேண்டியதில்லை. கட்டணம் கணக்கிடும், ரசீது எழுதும் காம்போனென்டுகளோ தமக்கென நிலை எதுவும் வைத்திருக்க வேண்டியவை அல்ல. அவற்றை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்குவது வீண் வேலை. ‘வார்’ பிழைகளைத் திருத்தியபின் அப்ளிகேஷன் ஸ்கோப்புக்கே திருப்பிவிடுங்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ரசீது காம்போனென்ட் தன்னுள்ளிருந்து ரிக்வெஸ்ட் ஸ்கோப்பை எட்டிப் பார்த்துப் பக்தரை எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைக்கும் பக்கமே பக்தரை ஆர்கியுமென்டாக (ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்பாக)க் கொடுக்கவேண்டும். இல்லையேல், பின்னொரு நாள், இரவில் தானாக ஓடி நினைவூட்டல் அனுப்பும் ஒரு பணியை எழுதும்போது, உள்நுழைந்த பக்தர் எவரும் இல்லாத அந்தக் கோரிக்கையில் ரசீது காம்போனென்ட் பிழை காட்டி நின்றுவிடும். அப்படிப் பெற்ற பக்தரையும் வேரியபிள்ஸ் ஸ்கோப்பில் சேமித்துவிடாதீர்கள். சேமித்தால் ரசீதில் மீண்டும் பெயர் மாறும்.