கேம் ஐடியாவைப் பதிவு செய்ய 35,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில், தைத்த ஆடைகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கோடோ மென்பொருளில் ஓரளவு நிரல் எழுதப் பழகியிருக்கிறேன். சொந்தமாக ஒரு சிறிய வீடியோ கேம் செய்ய ஆசை. ஆனால் என்ன யோசித்தாலும், தேடிப் பார்த்தால் ஏற்கெனவே வந்திருக்கிறது. இப்போது கையில் மூன்று ஐடியாக்கள் இருக்கின்றன: ஓடிக்கொண்டே இருக்கும் ஜல்லிக்கட்டுக் காளை, பல்லாங்குழி, ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. இவற்றுக்குப் பேட்டன்ட் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 35,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? யாரும் செய்யாத ஐடியாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மீதி 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆனால் பணம் கைமாறும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் ஒரு விளையாட்டை ஆடும் முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. விளையாடும் முறை அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. பதிப்புரிமையும் ஐடியாவுக்குக் கிடைக்காது. அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் கிடைக்கும். தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் தொடுத்த வழக்கில், 1978-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

பிறகு அந்த ஏஜென்ட் எதைத்தான் பதிவு செய்வார்? நீங்கள் எழுதிக் கொடுக்கும் நான்கு பக்கக் குறிப்பை 'இலக்கியப் படைப்பு' என்று பதிப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்வார். அதற்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். முத்திரையோடு ஒரு சான்றிதழும் வரும். அது காப்பது அந்த நான்கு பக்க வாக்கியங்களை மட்டுமே. உங்கள் விதிகளை வேறொருவர் தன் சொற்களில் எழுதி, தன் படங்களோடு கேமாகச் செய்தால் அந்தச் சான்றிதழ் எதற்கும் உதவாது. ஒரு படிவம், 500 ரூபாய், வீட்டிலிருந்தே கட்டலாம். இதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் விளக்கி எல்லோருக்கும் எட்டும்படி வைத்திருந்தால், இந்த ஏஜென்ட்டுகளில் பாதிப்பேருக்கு இந்தத் தொழிலே இருந்திருக்காது. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. உங்களைப் போன்றவர்களின் சம்பளம் பறிபோகிறது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விதிக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பெயருக்கும் தோற்றத்துக்கும் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் பலகை விளையாட்டைப் போலவே ஆடும் 'ஸ்க்ராபுலஸ்' என்ற கேமை இணையத்தில் நடத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அதற்குப் பெரும் வரவேற்பு. ஸ்க்ராபிளின் உரிமையை வைத்திருந்த மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008-இல் வந்த உத்தரவில், பலகைக்குப் பதிப்புரிமை உண்டு என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் பெயர் ஸ்க்ராபிளை நினைவூட்டுகிறது என்பதால், அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விழுந்தது. சகோதரர்கள் 'லெக்சுலஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள்.

அமெரிக்காவில் 2012-இல் நடந்தது இதன் மறுபக்கம். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸின் விதிகளை யாரும் எடுக்கலாம் என்ற தைரியத்தில் ஒரு நிறுவனம் 'மினோ' என்ற கேமை வெளியிட்டது. விதிகளோடு நிற்காமல் கட்டைகளின் வடிவம், 20-க்கு 10 என்ற பலகை அளவு, கட்டை விழப்போகும் இடத்தில் தெரியும் நிழல் என்று எல்லாவற்றையும் அப்படியே எடுத்திருந்தது. நியூ ஜெர்சி நீதிமன்றம் அதைப் பதிப்புரிமை மீறல் என்றது. ஆகவே அடுத்தவரின் விதியை எடுத்து உங்கள் வழியில் வளர்க்கலாம். அவருடைய படங்களையும் பெயரின் சாயலையும் தொடக்கூடாது. உங்கள் கேம் முடியும் தறுவாயில் அதன் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். அது பயனுள்ள செலவு, ஆனால் இப்போது தேவையில்லை.

யாராவது திருடிவிட்டால்? திருடலாம். 2014 பிப்ரவரியில் வெளிவந்த 'த்ரீஸ்' என்ற எண் புதிரை ஒரு சிறிய குழு ஓராண்டுக்கும் மேலாகச் செதுக்கியது. அடுத்த மாதமே அதே பாணியில் '2048' இலவசமாக வந்து உலகமெங்கும் பரவியது. அந்தக் குழுவினர் மனம் நொந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தச் சான்றிதழும் அதைத் தடுத்திருக்காது. உங்களிடம் இப்போது இருப்பது ஒரு வரி. ஒரு வரியைத் திருட யாரும் வருவதில்லை.

இனி ஐடியாவுக்கு வருகிறேன். உங்கள் மூன்றில் கடாரப் படையெடுப்பை இன்றே ஒதுக்கிவையுங்கள். கப்பலும் கடலும் படையும் நகரமும் தனி ஒருவர் மாலை நேரங்களில் முடிக்கும் வேலை இல்லை. காளை, பெயர்களை மட்டும் மாற்றி ஆயிரம் பேர் செய்துவிட்ட ஓட்டம். பல்லாங்குழியை அப்படியே திரைக்கு மாற்றினால் குழிகளும் சோழிகளும் படமாக மாறும், விளையாட்டு பழையதுதான். மூன்றிலும் குறை ஒன்றே: மூன்றுமே கருப்பொருள்கள். ஆடுபவர் ஒவ்வொரு நொடியும் எதை முடிவு செய்கிறார் என்பது எதிலும் இல்லை. புதுமை அங்கேதான் பிறக்கிறது.

யாரும் தொடாத ஒன்றைத் தேடி இணையத்தில் உட்கார்ந்தால் ஒரு வருடம் போய்விடும். மாஸ்கோவில் 1984-இல் அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸைத் தொடங்கியது தனக்குப் பிடித்த பழைய புதிர் ஒன்றிலிருந்து. ஐந்து சதுரங்களாலான 12 துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிர் அது. கணினியில் 12 துண்டுகள் அதிகமாகத் தெரிந்தன. நான்கு சதுரங்களாக்கி ஏழாகக் குறைத்தார். திரை சீக்கிரம் நிரம்பியது. நிறைந்த வரிசை மறையட்டும் என்றார். பழையதை ஆடிப் பார்த்து, இடித்த இடத்தை மாற்றியதுதான் நடந்தது.

உங்களுக்கு மற்றவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: செக்கிங் மேசை. லூகாஸ் போப் என்பவர், பயணங்களின்போது குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதைக் கவனித்து, அந்த வேலையையே 2013-இல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற கேமாக்கினார். அதில் அதிகாரியாக ஆடுபவருக்குச் சரியாகச் சோதித்த ஆள் கணக்குக்குத்தான் கூலி. வீட்டில் குடும்பம் காத்திருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' என்ற கேமில், அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஆடுபவர் தானே ஊகித்துச் சமைக்க வேண்டும். இரண்டுமே செய்பவருக்கு அருகில் இருந்த விஷயங்கள்.

உங்கள் மேசையில் என்ன நடக்கிறது? ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், கழுத்துப் பட்டி ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக வந்த பீஸ். எதை ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புவது, எதை ரிஜெக்ட் செய்வது, ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது எதை விட்டுவிடுவது. கணினியைத் திறக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 துண்டுத் தாள்களில் பனியன் வரையுங்கள். பத்துப் பன்னிரண்டில் குறை இருக்கட்டும். சில குறைகள் தாளின் பின்பக்கம். நண்பரை உட்கார வைத்து, இரண்டு நிமிடத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். அவருக்கு அலுத்துவிடும். அது வெறும் குறை கண்டுபிடிக்கும் ஆட்டம். இதற்கு முன் வந்ததுதான்.

இப்போது நேரக் கணக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், 20 பீஸுக்கு எட்டு முறைதான் திருப்பிப் பார்க்கலாம் என்று வையுங்கள். நண்பர் கையை நீட்டி, நிறுத்தி, யோசிப்பார். எதைத் திருப்புவது? இங்கேதான் முடிவு பிறக்கிறது. அடுத்து, ஒவ்வொரு தாளிலும் தைத்தவரின் எண்ணை எழுதுங்கள். சிறிது நேரத்தில் நண்பருக்கே தெரிந்துவிடும், 7-ஆம் எண்காரரின் கைக்குழியில்தான் தையல் நழுவுகிறது என்று. திருப்பல்களை அவர் பீஸுக்கே செலவிடுவார். மூன்றாவது சுற்றில், ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொரு பீஸுக்கும் தைத்தவரின் கூலி குறையும் என்று அறிவியுங்கள். நண்பரின் கை மறுபடி நிற்கும். இதே விளையாட்டு எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை; உங்கள் வேலையை உள்ளிருந்து பார்க்காதவர் இந்த மூன்று விதிகளையும் இந்த வரிசையில் அடைய மாட்டார்.

ஆடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எங்கே குழம்புகிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதை மட்டும் எழுதிவையுங்கள். எது பிடித்தது என்றும் கேட்காதீர்கள், நண்பர்கள் பொய் சொல்வார்கள். இன்னொரு சுற்று ஆடலாமா என்று அவராகக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் ஒரு விதியை மாற்றி அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுங்கள்.

இதற்கும் மனம் ஓடவில்லையென்றால் கேம் ஜாமில் சேருங்கள். தலைப்பு கொடுப்பார்கள், இரண்டு மூன்று நாளில் ஒரு சிறிய கேம் செய்ய வேண்டும். 2002 முதல் நடக்கும் லூடம் டேர் என்ற ஜாமில் சேரக் கட்டணம் இல்லை. விதிகளே கட்டைகளாகத் திரையில் கிடக்க, அவற்றை நகர்த்தி ஆட்டத்தையே மாற்றும் 'பாபா இஸ் யூ', 2017-இல் இப்படி ஒரு ஜாமில் பிறந்து 2019-இல் முழுமையாக வெளிவந்தது.

வேறு சிலரும் உங்களைத் தேடி வருவார்கள். ஆயிரம் ஐடியாக்கள் கொண்ட பட்டியலை விற்பவரிடம் வாங்காதீர்கள். அதில் இருப்பவையும் கருப்பொருள்களே. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையத்தில், விதியை எப்படி உருவாக்குவது என்று எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைத்தான் பெரும்பாலும் கற்றுத் தருகிறார்கள், அது இணையத்தில் இலவசம். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர், 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்த பிறகே கேமை வெளியிட முடியும். தனியாகச் செய்பவரை வதைக்கும் விதி இது. அந்த 12 பேரை விற்பதற்கும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். உங்கள் செக்கிங் பிரிவிலேயே 12 பேர் இருப்பார்கள். முதல் கேமை, சிறிய கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணமின்றிப் போடுங்கள். பணம் வைத்து ஆடும்படி மாற்றினால் லாபம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்; 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது.

கொடுத்துவிட்ட 5,000 ரூபாய்க்கு வருகிறேன். ஏஜென்ட்டிடம் பதிப்புரிமை விண்ணப்பத்தின் டைரி எண்ணைக் கேளுங்கள். விண்ணப்பித்திருந்தால் அந்த எண் இருக்கும். அலுவலக இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொன்னதைக் குறிப்பிட்டுப் பணத்தை எழுத்திலேயே திருப்பிக் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் கொடுத்த ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அதுவரை அழிக்க வேண்டாம்.