38,000 ரூபாய் மேட்டா, 1.2 லட்சம் கார்டு பாக்கியா?

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை. கைக்கு மாதம் 1.45 லட்சம் வருகிறது. ஆசைப்பட்டு 2016 மாடல் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கார் லோனுக்கு 34,000, வீட்டு லோனுக்கு 42,000 போகிறது. கால் மேட்தான் நிலைக்க மாட்டேன் என்கிறது. மூன்று செட் மாற்றியாயிற்று. என் மனைவியின் அண்ணன் கார் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கிறார். இந்த முறை 38,000 ரூபாய்க்கு 7டி லெதர் செட் தைத்துப் போடலாம், 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ என்கிறார். சித்திரையில் மகளுக்குக் காது குத்து, இன்னும் 9 மாதம் இருக்கிறது. தாய்மாமன் மனம் கோணக் கூடாதே என்று தயக்கம். விசேஷத்துக்காக 3 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. கிரெடிட் கார்டில் ஒரு வருடமாக 1.2 லட்சம் பாக்கி, ஆனால் மினிமம் டியூவை, அதாவது மாதாமாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. எந்த மேட் உழைக்கும்? இஎம்ஐயில் வாங்கலாமா?

பதில்: கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மினிமம் டியூ தவறியதில்லை என்று, அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது. பெருமைக்குரிய விஷயம்போல அதைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பணம் ஒழுகுவது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.2 லட்சத்துக்கு 4,200 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 756 ரூபாய். ஆக மாதம் 5,000, வருடத்துக்கு 60,000 ரூபாய் சும்மா போகிறது. நல்ல ரப்பர் மேட் ஒரு செட் வாங்கக் கிட்டத்தட்டப் போதுமான பணத்தை மாதாமாதம் வங்கிக்கு வட்டியாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, சிபில் ஸ்கோரில் தவணை தவறியதாகக் கறுப்புப் புள்ளியும் விழாது. அவ்வளவுதான். வட்டி நிற்காது. அதைவிட மோசம், பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லா நாட்களே கிடையாது. பங்க்கில் பெட்ரோல் போட்டுக் கார்டைத் தேய்த்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு பக்கம் எஃப்டியில் உங்களுக்கு 7 சதவீதம் கிடைக்கலாம். 1.2 லட்சத்துக்கு மாதம் 700 ரூபாய். 700 வாங்குவதற்காக 5,000 கொடுக்கிறீர்கள். எஃப்டியில் 1.2 லட்சத்தை இந்த வாரமே எடுத்துப் பாக்கியை முழுசாக அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் போல வெட்டுவார்கள், போகட்டும். அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சிறு தொகை வட்டியாக வரும். முந்தைய ஸ்டேட்மென்ட் தேதி முதல் நீங்கள் கட்டிய நாள் வரைக்குமானது அது. பதறாமல் அதையும் கட்டுங்கள். இரண்டு ஸ்டேட்மென்ட் பூஜ்ஜியமாக வரும்வரை கார்டை பீரோவிலேயே வையுங்கள். பெட்ரோலுக்கு யுபிஐ போதும்.

விசேஷம்? எஃப்டியில் மீதி 1.8 லட்சம். மிச்சமாகும் வட்டி மாதம் 5,000, இஎம்ஐக்குப் போகவிருந்தது 3,000. இரண்டையும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய்க்கு வங்கியில் ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) போட்டால் 9 மாதத்தில் 72,000. இரண்டரை லட்சம் கையில் நிற்கும். பந்தியில் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயர் எனக்குப் பிடிப்பதே இல்லை. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. வட்டியை விலைக்குள் வைத்து, தள்ளுபடி என்று திருப்பித் தருகிறார்கள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைக்கிற தொகையும் போச்சு. போதாததற்கு, தவணை முழுதும் உங்கள் மினிமம் டியூவோடு சேர்ந்துகொள்ளும்.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். 7டி என்பது பெரும்பாலும் ரெக்சினுக்கு அடியில் ஃபோம் வைத்து வைர வடிவில் தைத்தது. என் வண்டியில் போட்டது 14 மாதம் தாங்கியது. ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே குதிகால் ஊன்றும் இடத்தில் முதலில் ஒரு தையல் விட்டது, பிறகு அந்த ஓட்டை வழியாக ஃபோம் துகள் துகளாக ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்தது. மழைத் தண்ணீர் அதே தையல் வழியாக இறங்கி, அடியில் இருந்த கார்ப்பெட் நாறிப்போனது. சுருள் சுருளாக இருக்கும் நூடுல்ஸ் மேட் மண்ணை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீரைக் கீழே விட்டுவிடும்.

உங்களுக்கு வேண்டியது தையலே இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் ரப்பர் அல்லது டிபிஇ (ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக்) மேட். சுற்றிலும் விரல் உயரத்துக்கு விளிம்பு, குதிகால் படும் இடத்தில் தடிப்பு இருக்க வேண்டும். மூலையை மடித்துவிட்டால் தானே நிமிர வேண்டும். முக்கியமாக, தரையில் கம்பெனி கொடுத்திருக்கும் லாக்கில் உட்காரும் துளை இருக்க வேண்டும். டிடி தாழ்வான வண்டி. கால் வைக்கும் இடமும் குறுகல். அங்கே தடித்த மேட்டையோ, மேட் மேல் மேட்டையோ போட்டால் பெடலில் இடிக்கும். 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, டிரைவர் பக்க மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டரைச் சிக்கவைக்கலாம் என்பதால்தான். சான் டியேகோ அருகே நான்கு பேர் இறந்த விபத்தில் காருக்குள் கிடந்தது வேறு மாடலின் ரப்பர் மேட். உங்கள் மாடலுக்கே வார்த்த செட்டுக்கு 6,000, 7,000 ஆனாலும் ஐந்து வருடம் உழைத்தால் வருடம் 1,400 ரூபாய்தான்.

மைத்துனரிடம் மழுப்ப வேண்டாம். ‘மச்சான், தையல் மேட் வேண்டாம், லாக் இருக்கிற ரப்பர் செட் வரவழைச்சுக் குடுங்க, ரொக்கமா தர்றேன்’ என்று சொல்லுங்கள். வியாபாரம் அவர் கடைக்கே போகிறது. மகளை மடியில் உட்கார வைக்கப் போகிறவர், 38,000 ரூபாய் மேட்டுக்காக முகம் திருப்ப மாட்டார் என்றே நினைக்கிறேன். கார்டு பாக்கியை மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எஃப்டியை உடைக்கும் முன் சொல்லிவிடுங்கள், பிறகு அண்ணனிடம் பேசுவதும் சுலபமாகும்.

வண்டியோடு வந்த கார்ப்பெட் மேட் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது வாங்குபவர் கேட்பார். புது செட் வரும் முன் இப்போதிருக்கும் மேட்டைத் தூக்கி, அடியில் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் கதவுகளைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுக்க வெயிலில் காய விட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.