மது அருந்தாதவர் சாகே அருங்காட்சியகத்துக்குப் போகலாமா?

ஒசாகா வரும் ஒருவர், மதுப் பழக்கம் இல்லாதவர், ஜப்பானிய அரிசி மதுவான சாகேயின் தயாரிப்பைக் காட்டும் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்காக அரை நாளைச் செலவிடுவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மது அருந்துவதில்லை. இருந்தும் கோபே நகரின் நாதா பகுதியில் உள்ள சவனோட்சுரு அருங்காட்சியகத்துக்குச் சென்ற குளிர்காலத்தில் போய்வந்தேன். அவசியம் போங்கள் என்றே உங்களுக்குச் சொல்வேன்.

ஹன்ஷின் ரயில் பாதையில் ஓஇஷி நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கித் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் கட்டப்பட்ட மரக் கட்டடத்தின் மறு உருவம்தான் இன்று அங்கே நிற்கிறது. 1717இல் அரிசி வணிகர் ஒருவர் பக்கத் தொழிலாகத் தொடங்கியதே, இந்த அருங்காட்சியகத்தை நடத்தும் சவனோட்சுரு என்னும் சாகே நிறுவனம் என்பதால், அரிசியைக் குறிக்கும் ※ என்னும் குறியை இன்றும் தன் சின்னமாக வைத்திருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது குளிரைத்தான். சாகே குளிர்காலத்துத் தொழில். நாதாவின் பழைய ஆலைகளில் பெரிய கட்டடத்தை வடக்கேயும் மற்றொன்றைத் தெற்கேயும் ஒட்டிக் கட்டுவார்கள். ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் வாடைக் காற்று வடக்குச் சாளரங்கள் வழியாக மிடாக்களின் மேல் வீச, தெற்குக் கட்டடம் வெயிலைத் தடுத்து நிற்கும். குளிரூட்டும் பொறி இல்லாத காலத்தில் அந்தக் கட்டடமே குளிரூட்டியாக இருந்தது. ஆட்களும் குளிர்காலத்தை ஒட்டியே வந்தார்கள். மலைக்கு அப்பால் உள்ள தம்பா பகுதியின் உழவர்கள், வயலில் வேலை இல்லாத மாதங்களில், தோஜி எனப்படும் தலைமைத் தொழிலாளியின் கீழ் குழுவாக வந்து ஆலையிலேயே தங்கி உழைத்தார்கள். அதற்கு நூறு நாள் சம்பாத்தியம் என்றே பெயர். கலக்கும் வேலைக்கு ஒரு பாட்டு, கழுவும் வேலைக்கு வேறொரு பாட்டு என்று அவர்களிடம் இருந்தது. கடிகாரம் இல்லாத இடத்தில் பாட்டின் நீளமே வேலையின் நேரத்தை அளந்தது.

சாகே காய்ச்சி வடிக்கும் சரக்கு அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் அப்படித்தான் எண்ணுகிறோம். அது புளிக்கவைத்துப் பிழியப்படும் மது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாக உண்ணாது. ஆகவே வேகவைத்த அரிசியின் ஒரு பகுதியில் கோஜி என்னும் பூசணத்தைத் தூவி, வெதுவெதுப்பான தனி அறையில் வளரவிடுகிறார்கள். அந்தப் பூசணம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அதே மிடாவில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. ஈஸ்ட் வலுவிழக்காமல் இருக்க, அரிசியையும் கோஜியையும் நீரையும் ஒரேயடியாகக் கொட்டாமல், நான்கு நாள்களில் மூன்று தவணையாகச் சேர்க்கிறார்கள். இரண்டாம் நாளில் எதையும் சேர்க்காமல் ஈஸ்ட் பெருக விட்டுவிடுகிறார்கள். வடிக்காமலேயே ஏறத்தாழ 20 விழுக்காடு வரை மதுவின் அடர்த்தி ஏறுவதற்கு இந்தப் பொறுமையே காரணம். 2024 டிசம்பரில் இந்த மரபு அறிவை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பொருத்தமே.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது பிழியும் இடம். புளித்த கூழைக் காக்கி என்னும் பழத்தின் துவர்ச்சாற்றில் தோய்த்த பைகளில் நிரப்பி, படகு என்றே அழைக்கப்படும் நீண்ட மரத்தொட்டியில் வரிசையாக அடுக்கி, நெம்புகோலாக அமைந்த ஒரு பெரிய மரத்தின் நுனியில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டு மெல்ல மெல்ல அழுத்துவார்கள். அப்படிக் கசிந்த மது வந்து சேரும் இடம், இந்த ஆலையில், தரைக்குக் கீழே குழியாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குழி தெரியவந்த விதம்தான் மனத்தைத் தொடுகிறது.

1995 ஜனவரி 17 அதிகாலை 5:46க்குத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாதாவின் மர ஆலைகள் பல தரைமட்டமாயின. 1978இலிருந்து அருங்காட்சியகமாக இருந்த இந்தக் கட்டடமும் முழுவதுமாகச் சரிந்தது. மீண்டும் கட்டுவதற்கு முன் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தபோதுதான், மண்ணுக்குள் மறைந்திருந்த அந்தப் பிழிவுக் குழி வெளிப்பட்டது. 1999இல் அருங்காட்சியகம் மறுபடி திறக்கப்பட்டபோது, அடித்தளத்தில் அதிர்வு தாங்கும் அமைப்பைச் சேர்த்து, குழியையும் காட்சியின் பகுதியாக்கினார்கள். அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது, கட்டடத்தையே இழந்த ஓர் ஊர், புதிதாக ஒன்றை எழுப்பிவிட்டுப் போகாமல், முதலில் மண்ணைக் கிளறித் தன் பழைய தொழிலைத் தேடியிருக்கிறது என்ற எண்ணத்தில் எனக்கு நெடுநேரம் நகரவே முடியவில்லை.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். நெடிய கலக்குத் துடுப்புகள், ஆளை விழுங்கும் சுகி மர மிடாக்கள், எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) கப்பலேறிய பீப்பாய்கள் ஆகியவை அழகானவையே. ஜப்பானிய மொழி தெரியாவிட்டால், பலகைகளைப் படிக்க மொழிபெயர்க்கும் செயலி கைப்பேசியில் இருக்கட்டும். சுவைத்துப் பார்க்கும் இடத்தில் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னேன், யாரும் வற்புறுத்தவில்லை. உடன் வருபவர் சுவைக்க விரும்பினால் ஜப்பானில் 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

நேரம் மிஞ்சினால், ஒசாகாவுக்குத் திரும்பும் வழியில் நிஷினோமியாவில் இறங்குங்கள். நாதா மதுவுக்குப் பெயர் வாங்கித் தந்த, இரும்புச்சத்து மிகக் குறைந்த மியாமிசு நீரின் பிறப்பிடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் அங்கே, பழைய கிணற்றுக்கு அருகில் இருக்கிறது. 1840இல் அந்த நீரின் தனித்தன்மை தெரியவந்த பிறகு, அதைப் பீப்பாய்களில் நிரப்பி நாதாவின் மற்ற ஆலைகளுக்கும் சுமந்து போனார்கள்.