"என் கொழுப்புதானே, என்னை என்ன செய்யும்?"

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குப் பால் மறக்கடித்து மூன்று மாதம் ஆகிறது. மார்பு வற்றித் தொங்கிவிட்டது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் ஏற்றிவிடலாம், உங்கள் சொந்தக் கொழுப்பு என்பதால் பக்கவிளைவே கிடையாது, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓர் அழகு நிலையத்தில் சொல்கிறார்கள். ஒன்றரை லட்சம் ஆகுமாம். வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் நடந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில், வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். பால் கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதமாவது போனால்தான் மார்பு ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். பொறுப்பான சர்ஜன் பெரும்பாலும் அதற்கு முன்னால் கை வைக்கமாட்டார். உங்களுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. இதைக்கூடக் கேட்காமல் பணத்தைப் பற்றிப் பேசியவர்களிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஆசைப்பட்டதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பகத்துக்கான இலவச பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக் திறந்தபோது, "இதெல்லாம் அரசாங்கத்தின் வேலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஏழைப் பெண்ணுக்கும் தன் உடம்பைப் பற்றி ஒரு வருத்தம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சரி, "சொந்தக் கொழுப்பு" என்ற பேச்சுக்கு வருவோம். வயிற்றிலிருந்து உறிஞ்சியதைச் சிரிஞ்சில் நிறுத்தி வைத்தால், மீன் குழம்பு ஆறியதும் தெளிவது போலப் பிரியும். மேலே மஞ்சளாக எண்ணெய், அடியில் ரத்தம் கலந்த தண்ணீர், நடுவில் கொழுப்பு. அந்த நடுப்பகுதியைத்தான் மெல்லிய குழாயால் மார்பில் சொட்டுச் சொட்டாக, இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். வேரோடு பிடுங்கி நட்ட செடி மாதிரிதான் அது. அக்கம்பக்கத்து ரத்தக்குழாய் வந்து தொட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். கைதேர்ந்தவர் செய்தாலும் வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட, சில மாதங்களில் கரைந்துபோகும். ஒரு தடவைக்கு பிரா அளவில் ஏறக்குறைய ஒரு கப் கூடினால் பெரிது. பிறகு நீங்கள் இளைத்தால் அதுவும் இளைக்கும். இன்னொன்றையும் அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்: கொழுப்பு மார்பை நிரப்பும், தூக்கி நிறுத்தாது. தொங்கலைச் சரிசெய்வது வேறு ஆபரேஷன்.

பிழைக்காத கொழுப்பு எல்லாம் சத்தமில்லாமல் கரைந்துவிடுவதும் இல்லை. ஒரே இடத்தில் மொத்தமாகத் திணித்தால் நடுவில் இருப்பது செத்து, எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்பு படிந்த கட்டியாகவோ நின்றுவிடும். ஒரு வருஷம் கழித்துக் குளிக்கும்போது சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒன்று விரலில் தட்டுப்படும். கொழுப்புக் கட்டியா, புற்றா என்று விரலுக்குத் தெரியாது. ஸ்கேனும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும். சில சமயம் ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் முடிவு தெரியும். ரிசல்ட் வரும்வரை ஒரு பெண் தூங்கமாட்டாள். சித்தியைப் பார்த்த நீங்கள் எப்படித் தூங்குவீர்கள்? இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் மார்பைப் பெரிதாக்க இந்த முறையே வேண்டாம் என்றது. முறையும் ஸ்கேனும் தேறியபின், 2009-ல்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. இந்தச் சிகிச்சையே புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு வந்திருக்கும்போது, முதலில் மார்பகத்தைப் பரிசோதித்து ஸ்கேன் எடுக்காமல் ஒரு சொட்டுகூட ஏற்றக்கூடாது. அந்த ஸ்கேனைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் எப்போது மார்பைக் காட்டினாலும் கொழுப்பு ஏற்றியதைச் சொல்லவேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கலக்கமாக இருப்பது "சாயங்காலம் வீட்டுக்கு" என்ற அந்தப் பேச்சுதான். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புவது தப்பில்லை, நல்ல ஆஸ்பத்திரியிலும் அனுப்புவார்கள். ஆனால் கொழுப்பு எடுக்கும் இடமெல்லாம் மரத்துப்போகும் மருந்தை நிறைய ஏற்றுவார்கள். அளவு மிஞ்சினால் அது இதயத்தையும் மூளையையும் தாக்கும். அபூர்வமாகக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். மார்புக்கூட்டுக்குப் பின்னாலேயே நுரையீரல் இருக்கிறது, குழாய் தவறினால் அதில் குத்தும். சீழ் பிடிக்கலாம், காலில் ரத்தம் உறையலாம். அந்த நிமிஷத்தில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நிற்கவேண்டும், ஆக்சிஜன் இருக்கவேண்டும். 2016-ல் இதே சென்னையில் தலையில் முடி நட்டுக்கொள்ளப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பையனுக்கே அந்த கதி.

அதனால் அழகு நிலையம் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டம் முடித்தவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டான்லியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. கை அறுவைக்கு நாடறிந்த இடம். ஒரு நாள் காலையில் போய்ச் சீட்டு வாங்கி, உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதால் ஆபரேஷன் செய்துகொண்டே ஆகவேண்டும் என்றில்லை. புகையிலையோ புகையிலை கலந்த பாக்கோ எது இருந்தாலும் மறைக்காதீர்கள், அதில் உள்ள நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஏற்றிய கொழுப்பைக் கொன்றுவிடலாம். இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எங்கே செய்துகொண்டாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். ராத்திரி மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு மார்பு சிவந்து கொதித்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. உடனே கூட்டிப்போக ஆள் வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள். சித்திக்கு எந்த வயதில் வந்தது, பாட்டி வழியில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதையும் அப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.