பழைய தொழிற்சாலை இயந்திரங்களை டிஜிட்டலாக்க மென்பொருள் ஏஜென்ட் (இயந்திரத்தின் சார்பில் தானாகச் செயல்படும் நிரல்) எதற்கு? சென்சார் மாட்டினால் போதாதா?

சென்சார் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

1979இல் வந்த மோட்பஸ் என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையை இன்றும் ஏராளமான இயந்திரங்கள் பேசுகின்றன. அதில் அளவீடுகள் கிடைப்பது வெறும் 16 பிட் பதிவேடுகளாக, அதாவது எண்ணிட்ட சிறு நினைவகப் பெட்டிகளாக. 40021ஆம் பதிவேட்டில் 752 என்று இருந்தால், அது 75.2 டிகிரியா, 752 சுழற்சியா? தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தால்தான் தெரியும். (கையேடு கிடைத்தால்!) 32 பிட் எண் என்றால் இரண்டு பதிவேடுகளைச் சேர்க்க வேண்டும். எது முதலில் என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஏஜென்ட் வைத்தால், இந்த மொழிபெயர்ப்பு வேலையை அது ஏற்றுக்கொள்ளும். எண்ணுக்குப் பெயரும் அலகும் சேர்த்து, ஓபிசி யுஏ (தொழிற்சாலைக் கருவிகள் தரவைப் பகிரும் தரநிலை) போன்ற பொது வடிவில் வெளியே கொடுக்கும். இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் நிரலைத் தொட வேண்டியதில்லை.

சரி, இது வெறும் கேட்வே (ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றும் இணைப்பு) தானே என்று கேட்கலாம். இதுவரை சொன்னது அப்படித்தான். ஏஜென்ட் தானாக முடிவெடுக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒரு அரவை இயந்திரம் நின்றுவிட்டால், அதன் ஏஜென்ட் மீதி வேலையை மற்ற ஏஜென்ட்களிடம் அறிவிக்கும். அவை தங்கள் வரிசையைப் பார்த்து, எப்போது முடித்துத் தர முடியும் என்று பதில் சொல்லும். நல்ல பதிலுக்கு வேலை போகும்.

இப்போது சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைக் கொண்டு கையேட்டைப் படிக்கவைத்து, பதிவேட்டுப் பட்டியலையே தயாரிக்க முயல்கிறார்கள். நேரம் நிறைய மிச்சமாகும். ஆனால் ஒரு பொறியாளர் சரிபார்க்காமல் அதை இயக்கத்துக்கு விடாதீர்கள். ஏஜென்டுக்கு முதலில் பதிவேடுகளைப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். அவற்றில் எழுதும், அதாவது மதிப்பை மாற்றும் அனுமதி அப்புறம். அவசர நிறுத்தம் போன்ற பாதுகாப்புச் சுற்றுகள் எப்போதும் ஏஜென்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.